பேரப்பிள்ளைகளோடு பெங்களூரு: கையைக் கடிக்காமல் சனி, ஞாயிறு

தருமபுரியில் இருந்து பெங்களூருக்கு ரயிலே மேல். பாலக்கோடு, இராயக்கோட்டை, ஒசூர் வழியாக ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம், பஸ் என்றால் எங்கள் சின்னவனுக்கு வாந்தி. 5 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டிக்கெட் வேண்டாம், 5 முதல் 12 வரை முன்பதிவில்லா பெட்டியில் அரை டிக்கெட். முன்பதிவில் பிள்ளைக்குத் தனி சீட் கேட்டால் முழுக் கட்டணம். நமக்கு இருந்த மூத்த குடிமக்கள் சலுகையைத்தான் 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள், என்ன செய்ய!

முதல் நாள் லால்பாக் தாவரவியல் பூங்கா ஒன்றே போதும். கண்ணாடி மாளிகையைவிட அந்தப் பெரிய பாறைதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 300 கோடி வருஷத்துப் பாறை என்று சொன்னதும் பேத்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலால் தடவிப் பார்த்தாள், "தாத்தாவைவிட வயசா?" என்று ஒரு கேள்வி வேறு. வெயில் ஏறுவதற்குள் பாறையில் ஏறி இறங்கிவிடுங்கள், அப்புறம் சுடும். கட்டிக்கொண்டு போன புளிசோற்றை மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஓட்டல் செலவு மிச்சம், இலையையும் கவரையும் மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள்.

ராத்திரி பெங்களூரில் ரூம் தேடாமல் ஒசூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். மறுநாள் விடியலில் சந்திரசூடேசுவரர் மலை. திரும்பவும் பெங்களூரு போகத் தெம்பிருந்தால் கப்பன் பூங்கா பக்கம் விசுவேசுவரய்யா அருங்காட்சியகம், பட்டனை அழுத்தினால் ஓடும் பொறிகள் இருப்பதால் பையன்கள் நகரவே மாட்டார்கள். எனக்குத் தெம்பில்லை, மத்தியான வண்டிக்கே கிளம்பிவிட்டோம்.