நிலக்கரியா, சூரிய ஒளியா: ஒரு யூனிட்டை வைத்து நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்

நிலக்கரியையும் சூரிய மின்சாரத்தையும் பற்றிப் பேச்சு வந்தால் ஒருவர் புகையைச் சொல்வார், மற்றவர் "ராத்திரி வெயில் ஏது?" என்பார். இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் ஒரே அளவுகோலில் வைக்காதவரை பேச்சு முடியாது. தாளும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பொது அளவு

கம்பியில் வந்து சேரும் ஒரு யூனிட் மின்சாரத்தை அளவாக வைப்போம். அது ஒரு கிலோவாட் மணி, அதாவது 3.6 மெகாஜூல்.

படி 2: நிலக்கரிக் கணக்கு

ஓரளவு தரமான நிலக்கரியில் கிலோவுக்குச் சுமார் 24 மெகாஜூல் வெப்பம் உண்டு. 3.6ஆல் வகுத்தால் 6.7 யூனிட். இதை அப்படியே எழுதிவிடாதீர்கள். அந்த வெப்பம் நீரை ஆவியாக்கி, ஆவி டர்பைனைச் சுழற்றி, மின்சாரமாக வெளிவருவது ஏறக்குறைய 35 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி குளிர்விக்கும் நீரோடு போய்விடுகிறது. ஆக, ஒரு கிலோவுக்கு 2.3 யூனிட், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 430 கிராம் கரி.

இனி புகை. கரியில் 60 சதவீதம் கார்பன் என்று கொள்வோம். 12 கிராம் கார்பன் எரிந்தால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும். 430 × 0.6 × 44 ÷ 12 என்று போட்டால் கிட்டத்தட்ட 950 கிராம். எரித்த கரியைவிட வெளிவரும் வாயு இரு மடங்குக்கும் மேல் கனம்! காற்றிலுள்ள ஆக்சிஜன் அதோடு சேர்ந்துகொள்வதால்தான் இப்படி. எனக்கு இந்தக் கணக்கிலேயே மனதை உறுத்துவது இந்த எண்தான்.

படி 3: சூரியக் கணக்கு

பலர் தடுமாறும் இடம் இது. சோலார் பேனலில் "1 கிலோவாட்" என்று இருந்தால், சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியும் 25 டிகிரி வெப்பநிலையும் உள்ள சோதனையில் கிடைத்த அளவு அது. வெளியிலோ இரவு வரும், மேகம் வரும், தூசி படியும், பேனல் சூடேறினால் உற்பத்தி குறையும். ஆண்டின் 8,760 மணி நேரத்தில், இடத்தைப் பொறுத்து, 15 முதல் 20 சதவீதம் அளவுக்கே பலன் கிடைக்கும் என்று வையுங்கள். 18 சதவீதம் என்றால் சுமார் 1,580 யூனிட். 70 சதவீதம் ஓடும் அனல் நிலையத்தின் ஒரு கிலோவாட் சுமார் 6,130 யூனிட் தரும். ஆகவே கிலோவாட்டைக் கிலோவாட்டோடு ஒப்பிடாதீர்கள்; ஒன்றுக்கு நான்கு தேவைப்படும்.

பேனலின் திறன் 20 சதவீதம்தானே என்று அனல் நிலையத்தின் 35 சதவீதத்தோடு ஒப்பிடுவதும் பிழை. வீணாகும் கரி வெட்டியெடுத்த கரி. வீணாகும் வெயிலை யாரும் தோண்டவில்லை. குறைந்த திறனுக்கு நாம் கொடுக்கும் விலை இடம்: ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 5 சதுர மீட்டர்.

படி 4: பிறப்பு முதல் இறப்பு வரை

பேனல் செய்யவும் ஆற்றல் செலவாகிறது. அதையும் சேர்த்து, ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2014இல் வெளியிட்ட நடு மதிப்புகள், கார்பன் டை ஆக்சைடு கணக்கில்: ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி 820 கிராம், கூரை சோலார் 41 கிராம். நம் 950 கூடுதலாகத் தெரிகிறதா? நாம் 35 சதவீதத் திறனை வைத்தோம். திறன் கூடினால் எண் இறங்கும்.

படி 5: இரவு

சூரியன் மறைந்தபின் எத்தனை யூனிட் வேண்டும் என்று தனியே எழுதுங்கள். பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு இழப்பு என்று கொண்டால், இரவில் 4 யூனிட் எடுக்கப் பகலில் சுமார் 4.4 யூனிட் ஏற்ற வேண்டும். பேட்டரி செய்யும்போது வெளியான கார்பனையும் சோலார் பக்கத்திலேயே கூட்டிக்கொள்ளுங்கள்.