அம்மாவின் வாழ்க்கையை ஒரு சின்னப் புத்தகமாக்குவது எப்படி?

கடலூர்ப் பக்கம் ஒருவர் தவறிவிட்டால் அன்றைக்கே கண்ணீர் அஞ்சலி பேனர் வந்துவிடும். தோற்றம், மறைவு, அப்புறம் ‘பாசத்தின் திருவுருவம்’ என்று ஒரு வரி. அந்த வரி எந்த அம்மாவுக்கும் பொருந்தும், அதுதான் அதன் குறை. கருமாதி முடிந்து வீடு அடங்கியதும், உங்கள் அம்மாவுக்கு மட்டுமே பொருந்தும்படி முப்பது, நாற்பது பக்கம் எழுதலாம். இதுவரை எதுவுமே எழுதாதவருக்கும் இது முடிகிற வேலைதான்.

1. பெட்டியைத் திறங்கள்

பழைய ரேஷன் கார்டு, பத்திரம், கல்யாணப் பத்திரிகை, போட்டோ எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேருங்கள். பத்திரத்தில் ‘தென்னாற்காடு மாவட்டம்’ என்றிருந்தால் குழம்ப வேண்டாம். 1993 வரை கடலூரும் விழுப்புரமும் அந்த ஒரே மாவட்டம்தான்.

எல்லாரும் போட்டோவைத்தான் தேடுவார்கள். நான் முதலில் தேடச் சொல்வது மொய் நோட்டை. அம்மா கல்யாணத்தின் மொய் நோட்டு கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எந்த ஊரிலிருந்து யார் வந்தார், தாய்மாமன் என்ன செய்தார், பணமாகத் தராமல் பித்தளைக் குடமாகவோ அண்டாவாகவோ வைத்தவர் யார் என்று எல்லாம் அதில் இருக்கும். ஊர்ப் பெயர்களைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கான பட்டியல் அதுவே.

ஆல்பத்தில் ஒட்டிப்போன போட்டோவைப் பிய்க்காதீர்கள். ஜன்னல் ஓரம் வைத்து, ஃபிளாஷ் போடாமல் மொபைலிலேயே எடுங்கள். தனிப் போட்டோ என்றால் பின்பக்கத்தையும் பாருங்கள், ஸ்டுடியோ முத்திரை இருக்கலாம்.

2. வருடத்தைக் கண்டுபிடிப்பது

அந்தக் காலத்துப் பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி பல நேரம் வாத்தியார் போட்டதுதான். பெரியவர்களிடம் “எந்த வருஷம்?” என்று கேட்டால் பதில் வராது. மாதம் தெரிய “தை அஞ்சு ஆத்துத் திருவிழாவுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்றும், வருடம் தெரிய “சுனாமி வந்தப்போ அம்மா எங்க இருந்தாங்க?” என்றும் கேளுங்கள். சுனாமி 2004 டிசம்பர் 26. தானே புயல் 2011 டிசம்பர் 30. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த நாள் அது, மறந்தவர் இருக்கமாட்டார்கள். இப்படித் தெரிந்த நாட்களுக்கு நடுவே அம்மாவின் கதையைக் கோத்துக்கொண்டே போகலாம்.

3. பேசவிடுவது

பெரியம்மாவிடம் போய் “அம்மாவைப் பற்றிச் சொல்லுங்க” என்று ஆரம்பித்தால் அழுவார்கள், இல்லையென்றால் “தங்கமானவ” என்று முடித்துவிடுவார்கள். கையில் ஒரு பொருளோடு போங்கள். அம்மாவின் களைக்கொத்து, சுருக்குப் பை, முறம் எதுவானாலும் சரி. “பெரியம்மா, இத வெச்சிக்கிட்டு ஒரு நாளைக்கு எவ்ளோ வேல பாப்பாங்க?” என்று கேட்டால் பேச்சு தானாக வரும். மல்லாட்டைக் கொல்லை (வேர்க்கடலை நிலம்), கேழ்வரகுக் கூழ், கூலிச் சண்டை எல்லாமே வரும்.

மொபைலை ஏரோபிளேன் மோடில் போட்டுப் பதிவு செய்யுங்கள், நடுவில் யாராவது கூப்பிட்டால் பதிவு அறுந்துவிடும். நடவுப் பாட்டு பாடத் தொடங்கினால் வாயே திறக்காதீர்கள். கூட நடவு நட்ட பெண்களையும் பாருங்கள். சொந்தக்காரர்கள் மறைப்பதை அவர்கள் சொல்வார்கள்.

4. எழுதுவது

குணத்தை எழுதாமல் வேலையை எழுதுங்கள். ‘கடும் உழைப்பாளி’ என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. முந்திரி உடைத்தவர் என்றால், கொட்டைத் தோட்டின் எண்ணெய் தோலை அரித்து விரல் கருத்துப்போகும். அந்தக் கையோடு எப்படிச் சோறு பிசைந்தார், பிள்ளைக்கு எப்படித் தலை வாரினார் என்று எழுதுங்கள். மற்றவர்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே விடுங்கள், செந்தமிழாகத் திருத்த வேண்டாம். கடன், மாமியார் சண்டை போன்றவற்றை எழுதுமுன் உடன்பிறந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

5. அச்சு

டிடிபி கடையில் கொடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டாலே போதும். முதல் வருடத் திதிக்கு வருகிறவர்களிடம் கொடுங்கள். கடைசியில் நாலு பக்கம் வெற்றாக விட்டுவையுங்கள். “ஏம்பா, அந்த மாடு செவல இல்ல, மயில” என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். அதையும் பெயர், தேதியோடு அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.