கொப்பி நிறைவது படிப்பல்ல: ஆரம்பப் பிரிவில் புதிதாகக் கற்பிக்க வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோப்பாய்க் கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, மூன்றாம் வருடம் கட்டுறுபயில்வுக்கு, அதாவது வகுப்பில் நின்று கற்பித்துப் பழகுவதற்கு, பள்ளிக்கூடங்களுக்கு வரும் இளம் ஆசிரியர்களின் வகுப்பில், பின்வாங்கில் இருந்து பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. நல்ல பிள்ளைகள். இரவிரவாக மட்டை வெட்டி, நிறம் தீட்டி, படம் ஒட்டிக்கொண்டு வருவார்கள். ஆனாலும் நாங்கள் புதிதாக வந்த காலத்தில் விட்ட பிழைகளையே இவர்களும் விடுகிறார்கள். யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் எத்தனையோ சின்னப் பிள்ளைகள் தப்பியிருப்பார்கள் என்று மனம் அடித்துக்கொள்ளும்.

தடி எடுக்கக் கூடாது, இடாப்பு நேரத்துக்குப் போட வேண்டும், பாடக்குறிப்பு இல்லாமல் வகுப்புக்குள் போகக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன். நன்றாகத்தான் கற்பிக்கிறோம் என்று நம்பிக்கொண்டே விடும் பிழைகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் தரம் 1, 2, 3 வகுப்புகளுக்குப் பொருந்தும்.

ஐந்து நாளுக்கும் பாடத்தை நிரப்பி வைப்பது

கிழமைத் திட்டத்தில் ஒரு பெட்டியைக்கூட வெறுமையாக விடாமல் எழுதிக் கொண்டுவருவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து நாளும் முழுதாகக் கிடைக்கும் கிழமைகள் குறைவு. முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பயிற்சி தொடங்கிவிடும். நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் இரவு கோயிலுக்குப் போன பிள்ளை காலையில் மேசையில் தலையை வைத்தபடி இருக்கும். கார்த்திகை, மார்கழியில் மழை கொட்டினால் பள்ளமான இடங்களில் ஒழுங்கை முழுவதும் வெள்ளம் நிற்கும், பாதி வகுப்பு வராது.

நாலு நாளுக்குத்தான் பாடம் போடுங்கள். ஐந்தாம் நாள், விட்டுப்போனதைப் பிடிப்பதற்கு. செவ்வாய்க்கிழமை வராத பிள்ளைக்குப் புதன்கிழமைப் பாடம் விளங்காது. அது தனக்கு விளங்கவில்லை என்று எழுந்து சொல்லவும் மாட்டாது. வராத பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில், அன்று என்ன படிப்பித்தோம் என்பதையும் ஒரு சொல்லில் எழுதி வையுங்கள். வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துப் பத்து நிமிடம் செலவழித்தால் போதும்.

திங்கட்கிழமை காலையிலேயே புதிய எழுத்து

வேண்டாம். சனி, ஞாயிறு நடந்ததை முதலில் கதைக்க விடுங்கள்.

பார்த்தெழுத வைத்தே கிழமையை ஓட்டுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும் பிழை இதுதான். மற்றவற்றை ஒரு தவணைக்குள் சரிசெய்துவிடலாம். இது ஒரு பிள்ளையின் மூன்று நாலு வருடத்தைத் தின்றுவிடும். தின்பது வெளியில் தெரியவும் மாட்டாது.

நடப்பது இப்படித்தான். ரீச்சர் கரும்பலகையில் திகதி எழுதுவார், தலைப்பு எழுதுவார், கீழே ஐந்து சொற்கள், அதற்குக் கீழே இரண்டு வசனங்கள். "சத்தம் போடாமல் பார்த்து எழுதுங்கோ." வகுப்பு அடங்கிவிடும். மணி அடிக்கும்போது கொப்பிகள் மேசையில் அடுக்கியிருக்கும். சரி போட்டு, நட்சத்திரம் கீறிக் கொடுத்தாயிற்று. அடுத்த நாள் வேறு ஐந்து சொற்கள். தவணை முடிவில் கொப்பி நிறைந்திருக்கும். அம்மாவுக்குச் சந்தோசம், அதிபருக்குச் சந்தோசம், மேற்பார்வைக்கு வந்தவரும் கொப்பியைப் புரட்டிவிட்டுப் பாராட்டிவிட்டுப் போவார். அதில் ஒரு சொல்லையாவது அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒருநாள் தரம் 2 வகுப்பில் பின்னால் இருந்தேன். கரும்பலகையில் 'வாழை' என்று எழுதும்போது வெண்கட்டி முறிந்து, ழகரத்துக்கு மேலே ஒரு புள்ளி விழுந்துவிட்டது. எழுதியவர் கவனிக்கவில்லை. பிறகு கொப்பிகளை வாங்கிப் பார்த்தேன். பலருடைய கொப்பியில் ழகரத்துக்கு மேலே குற்று இருந்தது, வடிவாக, அளவாக. வாசிக்கத் தெரிந்த பிள்ளை அந்தக் குற்றை வைக்காது. 'ழை'க்கு மேலே குற்று வராது என்று அதற்குத் தெரியும். மற்றப் பிள்ளைகள் எழுதவில்லை, படம் கீறினார்கள். அந்தக் கொப்பிகளுக்கும் சரி போட்டிருந்தது.

தமிழ் எழுத்தில் இந்த ஆபத்து இன்னும் கூட. 'கொடி' என்ற சொல்லை எடுங்கள். வாயில் 'க்' முதலில் வருகிறது, 'ஒ' பிறகு வருகிறது. கையிலோ கொம்பு முதலில், ககரம் நடுவில், அரவு கடைசியில். பார்த்தெழுதும் பிள்ளைக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. இடமிருந்து வலமாக உள்ளதை உள்ளபடி கீறிவிடும். கரும்பலகையை அழித்துவிட்டு "கொடி எழுதுங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். ககரத்தை முதலில் எழுதிவிட்டு, பிறகு கொம்புக்கு இடம் தேடும். சத்தத்துக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு அந்தத் தலைக்குள் இன்னும் விழவில்லை என்பதை அந்த ஒரு தடுமாற்றம் காட்டிவிடும். பார்த்தெழுதிய கொப்பி ஒருநாளும் காட்டாது.

உகர வரிசையும் அப்படித்தான். கு, டு, மு ஒரு விதமாக வளையும். சு, பு, வு கீழே இழுபடும். து, நு, லு இன்னொரு விதம். 18 மெய்க்கும் பொதுவான ஒரே குறி கிடையாது. ஒவ்வொன்றையும் காது கேட்டு, வாய் சொல்லி, கை எழுதிப் பழக வேண்டும். பார்த்தெழுதும்போது காதுக்கும் வாய்க்கும் வேலையே இல்லை.

தரம் 3இல் ஒரு பையன் இருந்தான். வகுப்பிலேயே அழகான கையெழுத்து. அவனுடைய கொப்பியைத்தான் வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவார்கள். அவன் எழுதிய பக்கத்தை அவன் முன்னாலேயே வைத்து, "தம்பி, இதை வாசியுங்கோ பாப்பம்" என்றேன். பக்கத்தின் மூலையில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தான். "மாடு புல் மேயுது" என்றான். அங்கே எழுதியிருந்தது பால் தரும் என்பது பற்றி. "இதிலே 'பால்' எங்கே இருக்கு?" என்று கேட்டேன். விரல் வரி முழுவதும் ஓடியது, ஓரிடத்திலும் நிற்கவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "ரீச்சர், எனக்கு எழுதத்தான் தெரியும்" என்றான்.

மூன்று வருடமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவன் குழப்படி செய்யவில்லை, கொப்பி வராமல் விடவில்லை. எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது அரைக் கணம் பிந்தி அவனும் வாயசைத்தான். இப்படியான பிள்ளைகள் ஒளிக்கப் பழகிவிடுவார்கள், அதுதான் எனக்குத் தாங்கமுடியாதது. தரம் 3இல் ஆங்கிலமும் எழுத்தாக வந்து சேர்கிறது. சுற்றாடல் பாடத்தில் பந்தி பந்தியாக வாசிக்க இருக்கிறது. கணக்கும் வசனமாக வரத் தொடங்குகிறது. கழித்தல் தெரிந்த பிள்ளைக்கு, 'கடையில் மீதியாக எவ்வளவு கிடைக்கும்' என்ற வரியை வாசிக்க முடியாததால் கணக்குப் பிழைக்கிறது. "கணக்கு வராது" என்று பெயர் வைத்து ரியூசனுக்கு அனுப்புவார்கள். அங்கேயும் ஒரு கரும்பலகை, அங்கேயும் பார்த்து எழுதுவார்கள்.

அப்படியென்றால் என்ன செய்வது? எழுத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஒரு எழுத்தைத் தொடங்கும் கிழமையில் முதல் நாள் வாயும் காதும் மட்டும். 'ப' என்ற சத்தத்தோடு தொடங்கும் சொற்களைப் பிள்ளைகளிடமிருந்தே எடுங்கள். பனங்காய், பட்டம், பப்பா, பால் என்று அவர்களே கொட்டுவார்கள். இரண்டாம் நாள் கை. முற்றத்து மண்ணில் விரலால் எழுதட்டும், ஒருவர் முதுகில் ஒருவர் எழுதி என்ன எழுத்தென்று கேட்கட்டும். பிறகு மட்டைகள்: எழுத்து மட்டைகளைச் சேர்த்துச் சொல் ஆக்குவது, ஆக்கியதை உரத்து வாசிப்பது. இதற்குப் பிறகுதான் பென்சில்.

பென்சில் எடுத்த பிறகும் கரும்பலகையில் சொல் நிற்கக் கூடாது. அழித்துவிடுங்கள். சொல்வதெழுதல் வையுங்கள், ஐந்து சொல் போதும். அந்த ஐந்தில் குறைந்தது இரண்டு, நீங்கள் ஒருநாளும் எழுதிக் காட்டாத சொற்களாக இருக்க வேண்டும். ட, ப, ம மூன்றும் அரவும் குற்றும் படிப்பித்து, 'படம்', 'பாடம்' எழுதிக் காட்டியிருக்கிறீர்கள் என்று வைப்போம். 'மடம்' கேளுங்கள், 'மாடம்' கேளுங்கள். கந்தர்மடம் என்ற ஊரிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும், எழுத்தாகத்தான் கண்டிராது. எழுதிவிட்டால் அது படித்துவிட்டது. எழுதாவிட்டால் நீங்கள் எந்த இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இதற்குப் புள்ளி போடாதீர்கள், நட்சத்திரமும் வேண்டாம்.

ஒவ்வொரு பிள்ளையும் கிழமைக்கு ஒருமுறையாவது உங்கள் பக்கத்தில் வந்து, தனியாக, தான் எழுதியதைத் தானே வாசிக்க வேண்டும். 30 பிள்ளை இருந்தால் ஒரு நாளைக்கு ஆறு பேர். "நேரம் காணாது ரீச்சர்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். கரும்பலகையில் எழுதுவதற்கும், பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதி முடிக்கும்வரை காத்திருப்பதற்கும் போகும் நேரத்தை எடுங்கள். காணும்.

பார்த்தெழுதலே கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுத்தின் அளவு, இடைவெளி, வரியில் இருத்தி எழுதுவது எல்லாம் அதில்தான் பழகும். வாசிக்கத் தெரிந்த சொல்லைப் பார்த்து எழுதட்டும். வாசிக்கத் தெரியாத சொல்லைப் பார்த்து எழுதக் கொடுக்காதீர்கள். கொப்பியில் பக்கம் குறையும், பெற்றோர் கேட்பார்கள். கூட்டத்துக்கு வரும்போது கொப்பியைக் காட்டாமல் பிள்ளையை வாசிக்க வைத்துக் காட்டுங்கள். தன் பிள்ளை தனியாக ஒரு வரி வாசிப்பதைக் கேட்ட எந்த அம்மாவும் பிறகு பக்கக் கணக்குக் கேட்டதை நான் காணவில்லை.

விளையாட்டைத் தண்டனையாகப் பறிப்பது

1999இல் நாடு முழுவதும் தரம் 1இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது, ஆரம்பப் பிரிவுக்கு மூன்று கற்றல் முறைகளைச் சொன்னார்கள்: விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை. தரம் 1, 2இல் விளையாட்டுக்குத்தான் பெரிய பங்கு. மேலே போகப் போக மேசை வேலை கூடும். இது கல்லூரியில் எல்லாரும் பரீட்சைக்கு எழுதிய விசயம். வகுப்புக்கு வந்ததும், "எழுதி முடிச்சாத்தான் விளையாட விடுவன்" என்று சொல்கிறார்கள்.

எழுதி முடிக்காத பிள்ளை யார்? பென்சிலை இறுக்கிப் பிடிக்க விரலில் பலம் காணாத பிள்ளை. களிமண் பிசைந்தும், புளியங்கொட்டை பொறுக்கியும், பந்து பிடித்தும்தான் அந்த விரல் உரம் பெறும். யாருக்கு அது கூடத் தேவையோ அந்தப் பிள்ளையிடமிருந்தே பறிக்கிறோம். கொட்டை எண்ணி விளையாடும்போது கணக்கும் நடக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

பிள்ளை கதைக்கும்போதே திருத்துவது

"நேத்து அம்மம்மா வீட்டை போனனாங்கள்" என்று ஒரு பிள்ளை ஆசையோடு தொடங்கும். "போனோம் எண்டு சொல்லுங்கோ" என்று ரீச்சர் இடையில் வெட்டுவார். பிள்ளை வாயை மூடிவிடும். பக்கத்தில் சொல்லக் காத்திருந்த மூன்று பிள்ளைகளும் மூடிவிடுவார்கள். சொல்லி முடிக்க விடுங்கள். பிறகு, "ஓ, அம்மம்மா வீட்டுக்குப் போனீர்களா? அங்கே என்ன செய்தீர்கள்?" என்று நீங்கள் எழுத்துத் தமிழில் கேளுங்கள். காது தானாகப் பிடிக்கும்.

வெளியே பூவரசு நிற்கும்போது கரும்பலகையில் இலை கீறுவது

யன்னலைத் திறவுங்கள்.

தரம் 1 பிள்ளைக்கு முன்னால் புலமைப்பரிசில் கதை

தரம் 5இல் எழுதும் அந்தப் பரீட்சையின் பெயரையே எடுக்காதீர்கள். பெற்றோர் எடுத்தாலும் பிள்ளையை வெளியே விளையாட விட்டுவிட்டுக் கதையுங்கள்.

அம்மா செய்யும் வீட்டுவேலை

மட்டை வெட்டு, வீடு கட்டு, சுற்றாடல் பாடத்துக்கு இருபது படம் ஒட்டு என்று கொடுத்தால், இரவு பத்து மணிக்கு அம்மா பசை பூசிக்கொண்டிருப்பார், பிள்ளை நித்திரையாகிவிடும். அடுத்த நாள் நீங்கள் சரி போடுவது அம்மாவுக்கு. தோட்டத்திலும் கடையிலும் நின்றுவிட்டு வரும் அம்மாவின் பிள்ளைக்கோ அந்தச் சரியும் கிடைக்காது.

பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதைக் கொடுங்கள். வளவுக்குள் விழுந்த இலைகளில் ஐந்து விதம் பொறுக்கி வா. அப்பம்மாவிடம் ஒரு கதை கேட்டுவிட்டு வந்து நாளைக்குச் சொல். பஸ்ஸில் வரும்போது பெயர்ப்பலகைகளில் உனக்குத் தெரிந்த எழுத்து எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு வா. காலையில் வந்ததும் அதைக் கேட்க மறந்துவிடாதீர்கள். கேட்காவிட்டால் மூன்றாம் நாள் ஒருவரும் பார்த்துக்கொண்டு வரமாட்டார்கள்.