குண்டாக இருந்தால் நல்ல லாப் குட்டியா?

போன ஞாயிறு அருவங்காட்டிலிருந்து ஒரு தம்பி ஐந்து மாத லாப்ரடார் குட்டியோடு வந்தார். “அண்ணா, செம போன்ல?” என்றார், அதாவது நல்ல எலும்புக்கட்டு என்று. தடவிப் பார்த்தேன். எலும்பு தட்டுப்பட்டால்தானே சொல்ல? பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நானும் இதே பெருமையோடு ஒரு குட்டியை ஊர் முழுக்க நடத்திக் காட்டியவன்தான். குட்டியின் உடற்கட்டை எடைபோடும்போது நாம் செய்கிற தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன். கேசிஐ (இந்திய கென்னல் கிளப்) வம்சாவளிக் காகிதம், தடுப்பூசி அட்டை எல்லாம் எல்லோரும் பார்ப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

சரிவில் நிறுத்திப் பார்ப்பது

குன்னூரில் சமதரைக்கே பஞ்சம். வாசல் சரிவில் இறக்கத்தைப் பார்த்து நிற்கிற குட்டிக்குப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு தெரியும். மேட்டைப் பார்த்துத் திருப்பினால் இருக்கிற குறையும் மறைந்துவிடும். கார் ஷெட்டில் ரப்பர் மேட் போட்டு நிறுத்துங்கள். ரெட் ஆக்சைடு தரையில் கால் வழுக்கி அகட்டித்தான் நிற்கும்.

கொழுப்பை எலும்பு என்று நினைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான். ‘ஊட்டிக் குளிருக்குக் கொழுப்பு வேணும்’ என்று ஒருவர் சொன்னார். நானும் மூன்று வேளைச் சாப்பாட்டோடு முட்டை, நெய்ச்சோறு என்று திணித்தேன். ஆறு மாதத்தில் 31 கிலோ. வளர்ந்த ஆண் லாப்பே 29 முதல் 36 கிலோதான். பார்த்தவர்கள் எல்லாம் ‘சிங்கம் மாதிரி’ என்றார்கள். எட்டாம் மாதம் தோட்டத்துப் படியில் ஏறும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி குதித்தது. கோவைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தோம். இடுப்பு மூட்டு கிண்ணத்தில் சரியாக உட்காரவில்லை. பரம்பரையும் ஒரு காரணம்தான், ஆனால் எடையை ஏற்றி அதைக் கிளறிவிட்டது நான். மருந்துக்குச் செலவான காசில் இன்னும் இரண்டு குட்டி வாங்கியிருக்கலாம்.

அமெரிக்காவில் 48 லாப்களை எட்டு வாரக் குட்டியிலிருந்தே ஜோடி ஜோடியாக வளர்த்துப் பார்த்தார்கள். ஜோடியில் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவான சாப்பாடு. அந்த மெலிந்தவை ஏறக்குறைய 1.8 ஆண்டு அதிகம் வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனது.

‘பசிக்குதுண்ணா, பாவம்’ என்பார்கள். லாப்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசியைத் தூண்டும் மரபணு மாற்றம் இருக்கிறது என்று 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சொன்னார்கள். அந்தக் கண்ணைப் பார்த்துத் தட்டை நிரப்பக் கூடாது.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? கையை நீட்டிப் புறங்கையின் விரல் எலும்புகளைத் தடவிப் பாருங்கள். விலா அப்படித் தட்டுப்பட்டால் சரி. உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் குண்டு. முஷ்டியை மடக்கினால் துருத்துகிற முட்டி மாதிரி இருந்தால் ஒல்லி. மேலிருந்து பார்த்தால் இடுப்பில் ஒரு ஒடுக்கம் தெரிய வேண்டும். கொழுப்புக்கு அடியில் தோள்பட்டைச் சாய்வு, மார்பின் ஆழம் எதையும் எடைபோட முடியாது. அருவங்காட்டுத் தம்பியின் கையைப் பிடித்துக் குட்டியின் விலாவில் வைத்தேன். ரொம்ப நேரம் தேடினார்.

கால்சியம் டானிக்

டாக்டர் சொல்லாமல் ஒரு சொட்டுகூட வேண்டாம். கூடுதல் கால்சியத்தைத் தள்ளிவிட இளங்குட்டியின் குடலுக்குத் தெரியாது.

ஐந்தாம் மாதத்தில் தீர்ப்பு

எட்டு வார வயதில் ஒருமுறை உடற்கட்டைப் பாருங்கள். அப்புறம் நாலு மாதத்திலிருந்து ஒன்பது வரை பின்பக்கம் உயரும், கால் மட்டும் நீளும், முழங்கை தளரும். கழுதைக்குட்டி மாதிரி இருக்கும். ‘இது தேறாது’ என்று அந்த நேரத்தில் யாருக்காவது கொடுத்துவிடாதீர்கள்.

போட்டோ பார்த்து வாங்குவது

வேண்டாம்.

பல்

மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகப் பொருந்துகிறதா என்று ஆறேழு மாதத்தில் நிலைப்பல் வந்த பிறகு பாருங்கள். பால்பல்லைக் காட்டி விற்றவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.