சீருடை அணியாமலும் நாட்டைக் காக்கலாம்

நாட்டைக் காப்பதும், அழைக்கும்போது தேசப் பணி ஆற்றுவதும் குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பின் 51அ பிரிவு சொல்கிறது. விஜயநாராயணத்தில் கடற்படைத் தளமும் கூடங்குளத்தில் அணுமின் நிலையமும் அமைந்துள்ள நெல்லைச் சீமையில் நாம் அதை ஏட்டளவில் விட்டுவிடக் கூடாது.

உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள், பழக்கமில்லாத படகோ கரை ஒதுங்கிய மூட்டையோ கண்ணில் பட்டால், அதைத் தொடாமலும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பாமலும், உடனே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணை அழைக்க வேண்டும். படகின் நிறம், பதிவெண், சென்ற திசை, பார்த்த நேரம் ஆகியவற்றைச் சொல்லுங்கள், ஊகத்தைச் சேர்க்காதீர்கள்.

வெள்ளக் காலப் பணியும் இந்தத் தேசப் பணியில் அடங்கும் என்பது என் உறுதியான கருத்து. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது பல தெருக்களில் முதலில் கை கொடுத்தவர்கள் அக்கம்பக்கத்தாரே. ஆகவே ஐப்பசி மழைக்கு முன்பே, உங்கள் தெருவில் படுக்கையில் இருக்கும் முதியோர், கர்ப்பிணிகள், தனியாக வாழ்வோர் ஆகியோரின் பட்டியலை எழுதி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணை அதன் தலைப்பில் குறித்து, ஒரு பிரதியைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து வையுங்கள்.