கூகுள் தேடலில் விளம்பரம் தோன்றும் இடத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி?

கூகுள் தேடலில் முதல் இடத்தை விலை பேசி வாங்கிவிட முடியாது. ஒவ்வொரு தேடலுக்கும் தனியாக ஓர் ஏலம் நடக்கிறது; ஒரு கிளிக்குக்கு நீங்கள் தர முன்வரும் தொகை, விளம்பரத்தின் தரம், அது கொண்டுசேர்க்கும் பக்கத்தின் தரம், தேடுபவர் இருக்கும் ஊர், அவர் கையிலுள்ள சாதனம் எல்லாம் சேர்ந்து அமையும் ஆட் ரேங்க்தான் இடத்தை முடிவு செய்கிறது. ஆகவே, எத்தனை முறை மேலே தோன்றுகிறோம் என்ற பங்கைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டுமே நம் கையில் உள்ளது. கூகுள் ஆட்ஸ் கணக்கும் ஒரு தேடல் கேம்பெயினும் (விளம்பரத் தொகுப்பும்) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதாகக் கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் அளவுகோலைச் சரிசெய்ய வேண்டும். பழைய வழிகாட்டிகள் பரிந்துரைக்கும் 'சராசரி இடம்' என்ற அளவை 2019 செப்டம்பர் இறுதியில் கூகுள் நீக்கிவிட்டது. மற்ற விளம்பரங்களுக்கு முன்னால் வந்தோமா என்பதை அது காட்டியதே தவிர, பக்கத்தின் மேற்பகுதியில் வந்தோமா என்பதைக் காட்டவில்லை என்பதால், அது போனதில் எனக்கு வருத்தமில்லை. கீவேர்ட் (எந்தத் தேடல் சொற்களுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நீங்கள் கொடுத்தவை) பட்டியலுக்கு மேலுள்ள காலம்ஸ் (நெடுவரிசைகள்) பொத்தானை அழுத்தி, 'சர்ச் டாப் இம்ப்ரஷன் ஷேர்', 'சர்ச் அப்சல்யூட் டாப் இம்ப்ரஷன் ஷேர்' ஆகிய இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இம்ப்ரஷன் என்பது விளம்பரம் ஒருமுறை தோன்றுவது; ஷேர் என்பது கிடைத்திருக்கக்கூடிய வாய்ப்புகளில் நமக்குக் கிடைத்த பங்கு. முன்னது மேற்பகுதி விளம்பரங்களில் ஒன்றாக வருவதைக் குறிக்கும். பின்னது அவற்றுள் முதலாவதாக வருவதைக் குறிக்கும்.

பலரும் தடுமாறுவது இங்கேதான். அதே பட்டியலில் 'இம்ப்ரஷன் டாப் விழுக்காடு' என்று ஏறக்குறைய அதே பெயரில் இன்னோர் அளவும் இருக்கிறது. ஒரு கீவேர்டுக்கு மேற்பகுதியில் வர 1,000 வாய்ப்புகள் இருந்தன என்றும், விளம்பரம் மொத்தம் 200 முறை தோன்றி அதில் 150 முறை மேலே வந்தது என்றும் கொள்வோம். தோன்றிய 200-ஐக் கொண்டு வகுப்பதால் டாப் விழுக்காடு 75 எனக் காட்டும். கிடைத்திருக்கக்கூடிய 1,000-ஐக் கொண்டு வகுப்பதால் டாப் இம்ப்ரஷன் ஷேர் 15 எனக் காட்டும். 75-ஐப் பார்த்து நிம்மதியடைபவர், தம் விளம்பரம் பெரும்பாலான தேடல்களில் எங்குமே தோன்றவில்லை என்பதை அறியாமலே இருந்துவிடுவார்.

அடுத்து, இழப்பின் காரணத்தைப் பாருங்கள். இழந்த பங்கை ரேங்க், பட்ஜெட் என இரண்டாகப் பிரித்துக் காட்டும் நெடுவரிசைகளை கேம்பெயின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். பட்ஜெட்டால் இழக்கும்போது பிட் தொகையை (ஒரு கிளிக்குக்குத் தர முன்வருவதை) உயர்த்தினால், பணம் இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். ரேங்கால் இழந்தால், விளம்பர வாசகத்தையும் சேருமிடப் பக்கத்தையும் திருத்திவிட்டு அதன் பிறகே பிட்டைத் தொடுங்கள்.

இப்போது கேம்பெயின் செட்டிங்ஸில் பிட்டிங் பகுதிக்குச் சென்று 'டார்கெட் இம்ப்ரஷன் ஷேர்' உத்தியைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் எங்கு வேண்டுமானாலும், மேற்பகுதியில், மேற்பகுதியின் முதல் இடத்தில் என மூன்று தெரிவுகள் வரும். பெரும்பாலோருக்கு இரண்டாவதே போதும். முதல் இடத்தை உங்கள் சொந்த நிறுவனப் பெயருக்கான கீவேர்டுகளுக்கு மட்டும், அதுவும் தனிக் கேம்பெயினில், வைத்துக்கொள்வது நல்லது. பொதுவான சொற்களில் அதைத் துரத்துவது வீண்செலவு என்பது என் கருத்து.

பிறகு இலக்கு விழுக்காட்டையும் ஒரு கிளிக்குக்கான உச்ச வரம்பையும் கேட்கும். வரம்பை மனம்போன போக்கில் இடாமல், கீவேர்ட் பட்டியலில் மேற்பகுதிக்கான பிட் மதிப்பீட்டு நெடுவரிசையைச் சேர்த்துப் பார்த்து, அதிலிருந்து சற்றே உயர்த்தி இடுங்கள். அதற்கு மிகக் கீழே வைத்தால் இலக்கு எட்டாது. மிக மேலே வைத்தால், இந்த உத்தி விற்பனை நடந்ததா என்று பாராமல் இடத்தை மட்டுமே துரத்துவதால், பட்ஜெட் கரைந்துவிடும். விற்பனைதான் நோக்கமென்றால் இந்த உத்தியே வேண்டாம்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த சிலர், மாற்றம் செய்த பிறகும் தங்கள் தேடலில் விளம்பரம் வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதைச் சோதிக்க நீங்களே கூகுளில் திரும்பத் திரும்பத் தேடாதீர்கள். கிளிக் இல்லாத தோற்றங்கள் சேர்ந்து கிளிக் விகிதம் சரியும். டூல்ஸ் பகுதியிலுள்ள 'ஆட் பிரிவியூ அண்ட் டயக்னாஸிஸ்' கருவியில் ஊர், மொழி, சாதனம் ஆகியவற்றைக் கொடுத்தால், கணக்கில் எந்தப் பதிவும் ஏற்படாமல் விளம்பரம் வருகிறதா என்று காட்டும். வராவிட்டால் காரணத்தையும் சொல்லும்.