ஜினியா விதை எடுக்கறீங்களா, காம்பைப் பாருங்க முதல்ல

எங்க மொட்டை மாடியில 6 வருஷமா ஜினியா இருக்கு, விதை பாக்கெட் வாங்கினது ஆரம்பத்துல மட்டும்தான். ஆனா முதல் வருஷம் எடுத்த விதை மொத்தமும் வீணாப் போச்சு. ஐப்பசி மழைக்கு நடுவுல பூவைப் பறிச்சு அப்படியே பிளாஸ்டிக் கவர்ல போட்டு முடிச்சு வச்சேன், பொங்கலுக்குப் பிரிச்சா உள்ள பூஞ்சை, ஒண்ணு கூட முளைக்கல. அப்போ ரொம்ப வருத்தமா இருந்துச்சு. அதனாலதான் இவ்வளவு விவரமா எழுதறேன்.

சென்னையில விதைக்குன்னு ஜினியா போடறவங்க பொங்கலை ஒட்டி விதைங்க. ரெண்டு மாசத்துல பூக்கும், அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்கு மேல செடியிலயே காயணும், கத்திரி வெயில் ஆரம்பிக்கறதுக்குள்ள விதை கையில வந்துடும். வடகிழக்கு மழை நேரத்துல பூவோட தலை காயவே காயாது, சில சமயம் பூவுக்குள்ளயே விதை முளை விட்டுடும்.

நிறைய பேர் நல்ல பூவை எல்லாம் சாமிக்குப் பறிச்சிட்டு கடைசியா சூம்பிப் போய் மிச்சம் நிக்கறதை விதைக்கு விடறாங்க, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க, விதைக்கு விட வேண்டியதே அந்த நல்ல பூவைத்தான். செடி ஜோரா பூத்து நிக்கும்போதே பிடிச்ச பூ நாலஞ்சுல கலர் நூல் கட்டிடுங்க, வீட்ல யாரும் கை வைக்க மாட்டாங்க. இலையில பழுப்புப் புள்ளி விழுந்த செடியில விதை எடுக்காதீங்க, அந்த நோய் விதையோடயே அடுத்த வருஷத்துக்கும் வரும். அடுக்கடுக்கா இருக்கற பூதான் வேணும்னா ஒத்தை அடுக்குல பூக்கற செடியை அப்பப்போ எடுத்துடுங்க, ஏன்னா தேனீயும் பட்டாம்பூச்சியும் மகரந்தத்தைக் கலந்து விட்டுடும். பாக்கெட்ல எஃப்1 ஹைப்ரிட்னு (ரெண்டு ரகத்தைக் கலந்து உண்டாக்கின விதை) போட்டிருந்தா அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது, கலரும் உயரமும் மாறும், எனக்கு அது பிடிக்கும், உங்களுக்கு ஒரே மாதிரி வேணும்னா நாட்டு ரகமா வாங்கிக்கோங்க.

இனிமே பொறுமைதான். இதழ் காஞ்சா போதாது, பூவுக்குக் கீழ ஒரு விரக்கடை காம்பும் பச்சை போய் பழுப்பாகணும், தலையைத் தொட்டா மொறுமொறுன்னு சத்தம் வரணும். அதுக்குள்ள அணிலோ குருவியோ வந்தா பழைய நெட் துணியில சின்னப் பை தைச்சு மாட்டுங்க. பறிக்கறது காலையில பத்து மணிக்கு மேல, பனி ஈரம் போனப்புறம்.

பறிச்ச தலையைப் பேப்பர் மேல வச்சு கட்டை விரலால கசக்குங்க. ஒவ்வொரு காஞ்ச இதழோட அடியிலயும் அம்பு முனை மாதிரி ஒரு விதை ஒட்டிக்கிட்டு வரும், நடுப்பகுதியில இருந்து சின்னதா தட்டையா இன்னொரு வகை வரும், ரெண்டுமே முளைக்கும். ஆனா எல்லாத்துலயும் உயிர் இருக்காது, நெல்லுல பதர் மாதிரி இதுலயும் நிறைய பதர் இருக்கும். நகத்தால லேசா அழுத்திப் பாருங்க, உள்ள கெட்டியா பருப்பு தட்டுப்பட்டா நல்ல விதை, காகிதம் மாதிரி அமுங்கினா பதர். பச்சையா இருந்தா முத்தல. ஒரு பூவுல பாதிக்குப் பாதி பதரா போனாலும் கவலைப்படாதீங்க, மிச்சம் இருக்கறதே ஏழெட்டு தொட்டிக்கு வரும்.

சுத்தம் பண்ணினதை நியூஸ் பேப்பர்ல பரப்பி ரூம்ல ஃபேன் காத்துல பத்து நாள் விடுங்க, சித்திரை வெயில்ல மாடித் தரையில போடாதீங்க, அந்தச் சூட்டுல விதை செத்துடும். விதையை வளைச்சா வளையக்கூடாது, பட்டுன்னு ஒடியணும், அப்போதான் காஞ்சதுன்னு அர்த்தம். அப்புறம் பேப்பர் கவர்ல போட்டு கலரும் மாசமும் வருஷமும் எழுதி, கவரை மூடி இறுக்கமான கண்ணாடி பாட்டில்ல வைங்க, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு. அது இல்லன்னா ஒரு கைப்பிடி அரிசியை நல்லா வறுத்து முழுசா ஆற விட்டு துணியில முடிஞ்சு போடுங்க. பாட்டில் ஃப்ரிட்ஜ் கீழ் தட்டுல இருக்கட்டும், மூணு வருஷம் தாராளமா வரும், நம்ம ஊர் ஈரக்காத்துல வெளிய வச்சா அவ்வளவு நாள் தாங்காது. வெளிய எடுத்ததும் திறந்துடாதீங்க, அரை நாள் மூடியே இருக்கட்டும், இல்லன்னா உள்ள வேர்த்து அத்தனை விதையும் நனைஞ்சிடும்.

விதைக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி பத்து விதையை எண்ணி ஈர டிஷ்யூல சுருட்டி டப்பாவுல மூடி வைங்க. நாலாவது நாளே வெள்ளையா வேர் தெரியும், ஒரு வாரம் வரைக்கும் பாருங்க. ஏழு எட்டு முளைச்சா தைரியமா விதைக்கலாம். நாலுக்குக் கீழ போச்சுன்னா அந்த விதையை இன்னும் ஒரு வருஷத்துக்கு வைக்காதீங்க, இருக்கறது எல்லாத்தையும் தொட்டியில நெருக்கமா தூவிடுங்க.